வாசலுக்கு வந்த கண்கள்

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. தொண்டைமான்கள் ஆண்ட அந்த நாட்டைச் சுற்றி நாலு பக்கமும் நிலம்தான். 1948இல் அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் போனபோதும் அந்த நிலைமை மாறவில்லை. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிச் சீமையைப் பிரித்து இதோடு சேர்த்தார்கள். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று ஒரு துண்டுக் கடற்கரை அப்படித்தான் புதுக்கோட்டைக்குக் கிடைத்தது. ஆகவே ஜெகதாப்பட்டினத்தின் பழங்கதை எதைத் தேடினாலும் தஞ்சாவூர் வழியாகத்தான் போகவேண்டும். கண் மருத்துவத்தின் கதைக்கும் அதே பாதைதான்.

ஜெகதாப்பட்டினத்தின் பெயர் இப்போது செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகள், ஆட்கள் திரும்பி வரக் காத்திருக்கும் குடும்பங்கள். கோட்டைப்பட்டினத்தையும் ஜெகதாப்பட்டினத்தையும் சேர்த்தே எழுதுவார்கள். இரண்டும் மாவட்டத்தின் விசைப்படகுத் தளங்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்கள் நாட்டுப்படகு என்பது பாக் நீரிணைக் கரையில் நெடுநாளாக இருக்கும் ஏற்பாடு.

அந்த அரசியலைச் சற்று ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இங்கே நடப்பது கண்ணை நம்பிய தொழில். நடுப்பகல் வெயிலில் பளபளக்கும் தண்ணீரில் மிதப்பைத் தேடவேண்டும். ராத்திரியில் எதிரே தெரியும் வெளிச்சம் யாருடையது என்று கணிக்கவேண்டும். சோழகம் அடிக்கும் மாதங்களில் உப்பும் மணலும் கலந்த காற்று முகத்தில் அறைந்துகொண்டே இருக்கும். கரைக்கு வந்தால் வலை வேலை காத்திருக்கும். கிழிந்த இடத்தை மடியில் போட்டு, அறுந்த நூல்முனைகளைப் பிடித்து, ஒவ்வொரு வலைக்கண்ணும் ஒரே அளவில் வரும்படி நைலான் நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டே போகவேண்டும். முடிச்சு விழும் இடம் ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில். நாற்பது வயதைத் தாண்டியவரின் கை தானாக நீண்டுபோகும். வலை முகத்தை விட்டு விலகும். வெள்ளெழுத்து வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

இப்படிப்பட்ட கண்களைப் பற்றித் தமிழ்நாட்டில் யார், எப்போது, என்ன ஆராய்ந்தார்கள்? இருநூறு ஆண்டுக் கணக்கைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எந்த நோய் மருத்துவமனை வாசலில் வந்து நின்றதோ அதுவே ஆராய்ச்சிப் பொருளானது. வாசலுக்கு வராத கண்களின் முறை மிகவும் பிந்தித்தான் வந்தது.

தஞ்சாவூரில் தொடங்கலாம். இரண்டாம் சரபோஜி 1798இல் பட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டே நாட்டின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மன்னருக்குக் கோட்டையும், மானியமும், ஏராளமான நேரமும் மிஞ்சின. 1814-15இல் நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட அவர் எழுப்பிய மனோரா, ஜெகதாப்பட்டினத்துக்கு வடக்கே இதே கடற்கரையில் இன்னும் நிற்கிறது. இராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டியர் கட்டிய சத்திரங்களும் இந்தக் கரையோரமாகவே தெற்கு நோக்கிப் போயின. சேதுபாவாசத்திரம் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது. சத்திரம் என்றால் சோறு மட்டுமில்லை. வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியமும் உண்டு.

ஆட்சி கையை விட்டுப் போன மன்னர் படிப்பில் இறங்கினார். சரசுவதி மகால் நூலகத்தை அவர் வளர்த்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே அரண்மனை வளாகத்தில் தன்வந்திரி மகால் என்று ஒரு மருத்துவ நிலையம் நடந்தது என்பதும், அங்கே கண் நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள் கிடைத்திருக்கின்றன என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆங்கிலத்திலும் மோடி எழுத்து மராத்தியிலுமாக எழுதப்பட்ட நோயாளிக் குறிப்பேடுகள் அவை. யார், என்ன வயது, கண்ணில் என்ன கோளாறு, என்ன மருந்து கொடுக்கப்பட்டது, பிறகு எப்படி இருந்தது என்ற விவரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சிலவற்றோடு நோயுற்ற கண்ணின் வண்ணப் படமும் இருக்கிறது. கருவிழியில் வெண்மை எங்கே படர்ந்திருக்கிறது, இமையோரம் எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதை ஓவியர் பார்த்துப் பார்த்துத் தீட்டியிருக்கிறார். புகைப்படக் கருவி இல்லாத காலத்தில் ஒரு நோயைப் பதிந்துவைக்க வேறு வழியும் கிடையாது. சென்னை சங்கர நேத்ராலயாவின் கண் நோய்க்கூறு வல்லுநர் ஜோதிர்மய் பிஸ்வாஸ், தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி உள்ளிட்டோர் இந்தக் குறிப்புகளை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் இவற்றைக் கவனித்தது.

இதை மன்னரின் பொழுதுபோக்கு என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. தமிழ் மருத்துவத்தில் கண் நோய்க்கு நூல்கள் இருந்தன. நாகமுனிவர் பெயரில் வழங்கும் நயனவிதி அவற்றில் ஒன்று. சித்த மருத்துவர்கள் கண் நோய் 96 என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் நூல் சொல்வது நோயின் வகையை. ஒரு குறிப்பிட்ட ஆளின் ஒரு குறிப்பிட்ட கண்ணுக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் என்ன ஆனது என்று தஞ்சாவூர்க் குறிப்பேடு சொல்கிறது. மருந்து பலித்ததா இல்லையா என்று பிறகு ஒருவர் சரிபார்க்க முடியும். ஆராய்ச்சிக்கு முதல் படி அதுதானே?

அரண்மனைக்கு வெளியே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த கண் வைத்தியர்களோ எதையும் எழுதிவைக்கவில்லை. எழுதாமலிருக்க அவர்களுக்குக் காரணமும் இருந்தது. கண்புரைக்கு அவர்கள் செய்தது சுசுருதர் காலத்து முறை. வெள்ளைவிழியில் ஊசியைச் செலுத்தி, வெளுத்துப்போன வில்லையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். ஒளியை மறைத்திருந்த திரை விலகும். நோயாளி அந்தக் கணமே எதிரே நீட்டிய விரல்களை எண்ணுவார். கூடியிருந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்; காசு கைமாறும். சில நாளில் சீழ் பிடிக்கலாம், சில மாதத்தில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகலாம். அதற்குள் வைத்தியர் அடுத்த ஊரில் இருப்பார்.

அந்தச் சேதத்தைக் கணக்கெடுத்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். அவரிடம் போவதற்கு முன் மருத்துவமனையைப் பற்றிச் சொல்லவேண்டும். 1805இல் லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை தோன்றியது. எகிப்துப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் கொண்டுவந்த கண்ணோய் அங்கே பெரிய கவலையாக இருந்தது. 14 ஆண்டு கழித்து, 1819இல், சென்னை இராயப்பேட்டையில் ரிச்சர்ட்சன் என்ற மருத்துவரின் பொறுப்பில் ‘மெட்ராஸ் ஐ இன்ஃபர்மரி’ தொடங்கியது. சரபோஜி அப்போது தஞ்சாவூரில் இருக்கிறார். கடற்கரைச் சத்திரங்களில் வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது. சென்னையில் கண்ணுக்கென்றே ஒரு கட்டடம். 1880களில் அது எழும்பூருக்கு மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரி என்றால் தெரியாதவர் இல்லை.

எலியட் 1904இல் அதன் தலைவராக வந்தார். அடுத்த 9 ஆண்டுகளில் அவர் செய்த வேலைகளில் இரண்டு முக்கியம். ஒன்று, கண் அழுத்த நோய்க்கு அவர் வகுத்த அறுவை. கண்ணுக்குள் நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறும் நோய் அது. கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கும் ஓரத்தில், மேல்சவ்வைத் தூக்கிவிட்டு, சிறு வட்டத் துளைக்கருவியால் ஓட்டை போட்டார் எலியட். நீர் சவ்வுக்கு அடியில் கசிந்து வெளியேறியது. 1909இல் தொடங்கிய இந்த முறை ‘எலியட் துளை’ என்று உலகம் முழுக்கப் பரவியது. 1968இல் கேம்பிரிட்ஜின் ஜான் கேன்ஸ் அதைத் திருத்தி வேறொரு முறை கொண்டுவரும்வரை அதற்குப் பெரிய மதிப்பு இருந்தது.

இன்னொன்று, ஊசி வைத்தியர்களிடம் கண்ணைக் கொடுத்துக் கெட்டபின் எழும்பூர் வந்து சேர்ந்தவர்களின் பதிவு. நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பரிசோதித்து, அகற்றவேண்டிவந்த கண்களைக் குப்பையில் போடாமல் சேகரித்து, வெட்டி, உள்ளே வில்லை எங்கே கிடக்கிறது, என்ன கெட்டிருக்கிறது என்று பார்த்தார். 1917இல் அதைத் தனி நூலாகவே எழுதினார். அந்த நூலில் நாட்டு வைத்தியர் மீது ஆங்கில மருத்துவருக்கு இருந்த இளக்காரம் தெரியத்தான் செய்கிறது. ஆனாலும், தன் நோயாளி பிறகு என்ன ஆனார் என்று பின்தொடராத வைத்தியம் எதுவாக இருந்தாலும் அதற்கு இப்படி ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது. எழும்பூரில் இருக்கும் கண் மருத்துவ அருங்காட்சியகம் எலியட் பெயரையே தாங்கியிருக்கிறது.

எலியட்டுக்குப் பின் வந்த ஹென்றி கிர்க்பாட்ரிக் காலத்தில், 1918 வாக்கில், வாசலில் வேறு கூட்டம் நின்றது. சிவந்த கண், பீளை, உறுத்தல். சிலருக்குச் சில நாள் கழித்துக் கருவிழியில் சின்னச் சின்னப் புள்ளிகள். 1920இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் அவர் அதை விவரித்தார். காரணமான அடினோ வைரஸ் கண்டுபிடிக்கப்பட 1950கள் ஆயின. அதற்குள் நோய்க்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. நாகப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ கண் சிவந்தாலும் ‘மெட்ராஸ் ஐ’தான். சென்னைக்கு இந்தப் பெருமை தேவையில்லை. ஆனால் முதலில் பார்த்து எழுதிய ஊருக்குக் கிடைக்கும் பரிசு சில நேரம் இப்படி இருக்கும்.

அடுத்த பெரிய வரிசை குழந்தைகளுடையது. மாலைக்கண்ணில் தொடங்கி, வெள்ளைவிழி வறண்டு, கடைசியில் கருவிழி குழைந்து கரைந்துபோகும் நோய். எழும்பூரில் தலைவராக இருந்த ஆர்.இ. ரைட்டின் காலத்தில் இத்தகைய குழந்தைகள் ஏராளம். வைட்டமின் ஏ போதாமைதான் காரணம் என்பது அப்போது தெரிந்துவிட்டது. மலிவாக அதை எங்கிருந்து கொடுப்பது என்பதே கேள்வி. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் ஏக்ராய்டும் ரைட்டும் சேர்ந்து சிவப்புப் பனையெண்ணெயைக் கொடுத்துப் பார்த்து 1937இல் முடிவை வெளியிட்டார்கள். செம்பனையின் பழத்தில் எடுக்கும், நிறம் நீக்காத எண்ணெய் அது. நம் ஊர்ப் பனைமரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

இங்கேதான் கடல் முதன்முறையாக இந்தக் கதைக்குள் நுழைகிறது, அதுவும் மீனாக. ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த காட் மீன் எண்ணெய் இரண்டாம் உலகப் போரில் நின்றுபோனது. சென்னை மாகாண அரசு மீன்வளத் துறை சுறாவின் ஈரல் பக்கம் திரும்பியது. அப்போது மாகாணத்துக்குள் இருந்த கோழிக்கோட்டில் 1940இல் சுறா ஈரல் எண்ணெய்த் தொழிற்கூடம் தொடங்கியது. சுறா ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கிண்டிக் கொடுக்கும் கரையோர வீடுகளுக்குச் சுறா சதையாகப் பழக்கமானது. ஈரலோ எண்ணெயாகிப் புட்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

வைட்டமின் ஏ ஆராய்ச்சியின் இன்னொரு அத்தியாயம் அரை நூற்றாண்டு கழித்து, புதுக்கோட்டைக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பள்ளி வயதுக்கு வராத 15,419 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஊர்ப் பணியாளர்கள் வாரம் தவறாமல் வீட்டுக்குப் போய்ச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு பகுதிக்கு வைட்டமின் ஏ, இன்னொரு பகுதிக்கு அது இல்லாத மருந்து. ஓராண்டில் வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவு. 1990இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த இந்த முடிவு, கண்ணைக் காக்கத் தொடங்கிய வேலை உயிரையும் காத்தது என்று காட்டியது. அதே ஆண்டு ஹைதராபாத் குழு ஒன்று இப்படிப்பட்ட பலன் தெரியவில்லை என்று எழுதியது. மருந்தின் அளவும் கொடுத்த இடைவெளியும் இரண்டு ஆய்வுகளிலும் வேறு வேறு. விவாதம் நெடுநாள் நடந்தது.

நடுவில் விட்டுப்போனதைச் சொல்லிவிடலாம். 1945இல் எழும்பூரில் ஆர்.இ.எஸ். முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். 1948இல் கருவிழி மாற்று அறுவை வெற்றிகரமாக நடந்தது. 1934இல் திருச்சியில் ஜோசப் ஞானதிக்கம் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை காவிரிக்குத் தெற்கேயுள்ள ஊர்களுக்குப் போக்கிடமானது. வேலூரில் விக்டர் ராம்போ 1940களின் பிற்பகுதியில் மருத்துவர்களை ஊர்களுக்கு அழைத்துப்போய்க் கண் முகாம் நடத்தினார். நோயாளி வாசலுக்கு வருவதற்குப் பதில் வாசலே ஊருக்குப் போயிற்று.

அந்த யோசனையைப் பிரம்மாண்டமாக்கியவர் கோ. வெங்கடசாமி. 1918இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு, கோணிய விரல்களுக்கு ஏற்ற கருவிகளோடு கண் அறுவை பழகியவர். அரசுப் பணியில் மதுரையில் இருந்து 1976இல் ஓய்வு பெற்ற கையோடு 11 படுக்கைகளில் அரவிந்தைத் தொடங்கினார். முகாம், பேருந்து, வரிசை, அடுத்தடுத்த மேஜை என்று கண்புரை அறுவை ஓடியது. 1992இல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் வில்லையை வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்குச் செய்தார்கள். புரையை எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்பும் காலம் அதோடு முடிவுக்கு வரத் தொடங்கியது.

அதிகம் பேசப்படாத இன்னொரு பெரிய ஆராய்ச்சி கருவிழிப் புண் பற்றியது. நெற்கதிரின் சுணை, கரும்புத் தோகை, மாட்டு வால், தூசி என்று ஏதோ ஒன்று கண்ணில் படும். சிறு கீறல்தான். ஆனால் செடியோடு வந்த பூஞ்சை அந்தக் கீறலில் முளைத்துவிடும். கடைசியில் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். 1996இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் வட்டாரத்தைப் போல் பத்து மடங்கு. அடுத்த ஆண்டு மு. சீனிவாசனும் குழுவினரும் எழுதிய கட்டுரையில், 1994இன் முதல் மூன்று மாதங்களில் அரவிந்துக்கு வந்த 434 பேரின் புண்களைச் சுரண்டி வளர்த்துப் பார்த்ததில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறக்குறைய சரிபாதியாக இருந்தன. மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டு எல்லாப் புண்ணுக்கும் பாக்டீரியா மருந்து போட்டிருந்தால் பாதிப் பேரின் கண் போயிருக்கும்.

பரிசோதனை எளிதுதான். கண்ணை மரக்கவைத்து, புண்ணின் ஓரத்தை நுண்ணோக்கியின் கீழ் சிறு கத்தியால் மெல்லச் சுரண்டி, எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடவேண்டும். திசு கரைந்து தெளியும். பூஞ்சை இருந்தால் கிளை பிரிந்த நூலாக நிற்கும். சில நிமிடத்தில் விடை. திருச்சி ஜோசப் மருத்துவமனையின் பிலிப் தாமஸ் இந்தத் துறையில் உலகம் மேற்கோள் காட்டும் கட்டுரைகளை எழுதினார். 2013இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு ஒன்றில் அரவிந்தும் அமெரிக்க மருத்துவர்களும் 323 நோயாளிகளை வைத்து, விலை உயர்ந்த புது மருந்தான வோரிகொனசோலைவிடப் பழைய நேட்டமைசின்தான் மேல், அதிலும் ஃபியூசேரியம் பூஞ்சைக்கு நிச்சயமாக மேல் என்று காட்டினார்கள். உழவரின் கண்ணுக்கு என்ன ஆகிறது என்பதில் உலகுக்கே பாடம் சொல்லும் இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது.

மீனவரின் கண்?

அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டது வேறொரு கடற்கரை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் எடுத்துப் பிழைக்கும் 838 பேரை ஹியூ டெய்லர் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவரும் குழுவினரும் ஆராய்ந்து 1988இல் எழுதினார்கள். பதினாறு வயதிலிருந்து எந்த மாதம் எத்தனை மணி நேரம் கடலில், தொப்பி உண்டா, கண்ணாடி உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, வாழ்நாளில் அந்தக் கண் வாங்கிய புறஊதாக் கதிரைக் கணக்கிட்டார்கள். கதிரின் அளவு இரட்டிப்பானால் வில்லையின் வெளிப்புறத்தில் வரும் ஒருவகைப் புரைக்கான வாய்ப்பு 1.6 மடங்கு ஆனது. அகல விளிம்புத் தொப்பியும் சாதாரணக் கண்ணாடியும் அந்த அளவை வெகுவாகக் குறைத்தன. செசபீக் இருப்பது வடக்கே ஏறத்தாழ 38 பாகையில். அங்கே பாதி ஆண்டு குளிர். ஜெகதாப்பட்டினம் ஏறத்தாழ 10 பாகையில் இருக்கிறது.

கடலோரத்தில் சாதாரணமாகக் காணும் இன்னொன்று சதை வளர்ச்சி. வெள்ளைவிழியிலிருந்து முக்கோணமாக ஒரு சவ்வு கருவிழி மேல் ஏறும். சுசுருதர் இதை அர்மம் என்று குறித்து, அறுக்கும் முறையும் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் மூக்குப் பக்கமாகவே இது வளர்வது ஏன் என்பது நீண்டகாலப் புதிர். 1993இல் மினாஸ் கொரோனியோ ஒரு விளக்கம் சொன்னார். காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழி ஒரு வில்லைபோல வளைத்து மூக்குப் பக்க ஓரத்தில் குவிக்கிறது. அந்தப் புள்ளியில் கதிர் பல மடங்காகிறது. மூக்கு மறைப்பதால் எதிர்ப்பக்கத்துக்கு அது நடப்பதில்லை. ஆகவே முன்னால் மட்டும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி போதாது. பக்கவாட்டிலும் மறைப்பு வேண்டும். உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் காய்ந்த கடற்கரை மணல் புறஊதாக் கதிரில் 15 சதவீதத்தையும் கடல் நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. தலையில் துண்டு கட்டியவருக்கு மேலிருந்து வருவது குறையும். கீழிருந்து வருவதற்குத் துண்டு என்ன செய்யும்?

இந்தியாவில் கடல் மீனவர் ஊர்களையே எடுத்துக்கொண்ட பார்வைக் கணக்கெடுப்பு ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்தில் நடந்தது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் நிறுவனத்தின் சீனிவாச மர்மாமுலாவும் குழுவினரும் 2011இல் வெளியிட்டார்கள். பார்வைக் குறைவுக்கு அங்கே கண்டவற்றில் கண்புரையும், கண்ணாடி போட்டால் சரியாகக்கூடிய குறையும் முன்னால் நின்றன. அரிய நோய் ஒன்றுமில்லை. சென்னைக் கண்ணாஸ்பத்திரிக்கு 1819 முதல் தெரிந்த புரையும், கடைத்தெருவில் கிடைக்கும் கண்ணாடியும்தான்.

தமிழ்நாட்டிலும் ஊர்ப்புறக் கணக்கெடுப்புகள் உண்டு. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைப் பார்த்த அரவிந்த் ஆய்வு 1990களின் இடையில் நடந்தது. சங்கர நேத்ராலயாவின் சென்னை கண் அழுத்த நோய் ஆய்வு 2001இல் தொடங்கி நகரத்தையும் சுற்றுக் கிராமங்களையும் எடுத்துக்கொண்டது. கிராமத்தில் நோய் கண்டவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியவில்லை. வலிக்காத நோய் வாசலுக்கு வராது.

அப்படி வராதவர்களைத் தேடிப் போக ஆள் வேண்டும், படித்த ஆள். 1978இல் எஸ்.எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயா 1985இல் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியைத் தொடங்கி, கண்ணாடிக் கடையில் அனுபவத்தால் நடந்துவந்த வேலையை நான்காண்டுப் பட்டப்படிப்பாக்கியது. அங்கிருந்து முனைவர் பட்டம்வரை வழி திறந்தது. இன்று பார்வை அறிவியலில் ஆராய்ச்சி மாணவர் கையில் எடுக்கும் பொருள்களின் பட்டியல் நீளம். கிட்டப்பார்வை ஏன் பிள்ளைகளுக்குக் கூடுகிறது, குறைபார்வை உள்ளவர் எப்படிப் படிக்கிறார், சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் விழித்திரை நோய் எந்த மரபணுவில் இறங்குகிறது, பூஞ்சை மருந்துக்கு எப்படித் தப்புகிறது என்று போகும். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கணினியே படம் பார்த்துச் சொல்லும் முறையை கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். கணினிக்குப் பாடம் சொன்ன 1,28,175 படங்களில் அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் கொடுத்தவை உண்டு. தஞ்சாவூர் ஓவியர் தீட்டிய கண்ணுக்கும் இந்தப் படங்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு.

இந்தப் பட்டியலில் மிகச் சாதுவாகத் தோன்றும் பொருள் வெள்ளெழுத்து. நோய் என்றே அதை யாரும் நினைப்பதில்லை. வயதானால் வரும், அவ்வளவுதான் என்பார்கள். 2018இல் லான்செட் குழும இதழில் வந்த ஓர் ஆய்வு அசாம் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. நாற்பதைத் தாண்டிய 751 தொழிலாளரில் ஒரு பாதிக்கு உடனே கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார்கள், மறுபாதிக்கு ஆய்வு முடிந்தபின். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்தின் எடை மற்றவர்களைவிட 21.7 சதவீதம் அதிகமாகக் கூடியது. கொழுந்து பறிப்பதும் வலை முடிவதும் கிட்டத்துக் கண்ணுக்கு ஒரே மாதிரி வேலைதான். கூலி எடையில் கிடைத்தால் கணக்கிடுவது சுலபம். வலையில் விட்டுப்போன முடிச்சுக்கு நட்டம் கடலில் போய்த்தான் தெரியும், அதை எடைபோட ஆராய்ச்சியாளர் வேறு தராசு தேடவேண்டும்.

மருத்துவரைப் போய்ச் சேரும் வழியும் முன்போல் நீளமில்லை. 2017இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தேனிப் பக்கம் 2000களின் நடுவில் அரவிந்த் தொடங்கிப் பார்த்த கண் நல மையங்களில், பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதித்துக் கருவி வழியே பார்த்ததை மருத்துவமனைக்கு அனுப்ப, அங்கிருக்கும் மருத்துவர் நோயாளியோடு திரையில் பேசுகிறார். கண்ணாடி வேண்டுமென்றால் அங்கேயே கிடைக்கும்.

ஆனால் மீனவரைப் பரிசோதிக்க அவர் கரையில் இருக்கவேண்டுமே. விசைப்படகு போகும் நாளில் தளத்தில் கண்களைத் தேடிப் பயனில்லை. திரும்பிய நாளில் மீனை எடைபோடவும் தூங்கவுமே நேரம் போகும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், மராமத்து நடக்கும், வலைகள் கரையில் விரிந்திருக்கும். ஆட்கள் அந்த வலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். ஜெகதாப்பட்டினத்துக்குப் பார்வை அட்டையோடு வரும் ஆராய்ச்சி மாணவர் தன் கால அட்டவணையை அதற்குள் போட்டுக்கொள்வது நல்லது.